கல்லைத் தவிர்த்துத் தோண்டியதால் அறுந்த கேபிள்: ஒரு வடிகால் பணி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில் உள்ள நடுத்தர நகராட்சி அது. 2024 வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அங்கே ஒரு மழைநீர் வடிகால் பணி நடந்துகொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் தொடங்கிக் கண்மாய் வரை, சாலையின் கிழக்கு ஓரமாகச் சுமார் 1.2 கி.மீ. நீளம். அதே ஓரத்தில்தான் பத்தாண்டுகளுக்கு மேலாக, நாங்கள் பராமரிக்கும் 24 இழைக் கண்ணாடி இழைக் கேபிள் புதைந்திருந்தது. அது போகும் இடத்தைக் காட்ட, மேலே வழித்தடக் கற்கள் நடப்பட்டிருந்தன. செல்போன் கோபுரங்கள், வங்கிக் கிளைகள், ஓர் அரசு மருத்துவமனை, சுற்றியுள்ள ஊராட்சிகளின் இணைய இணைப்பு என்று பலவும் அதன் வழியாகப் போயின.

பதித்தபோது 1.65 மீட்டர் ஆழம் என்று ஆவணம் சொன்னது. இந்தியாவில் இத்தகைய கேபிள்களுக்கு வழக்கமாக விதிக்கப்படும் ஆழம் இதுதான். கேபிள், 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள் இருந்தது. அருகிலேயே காலியாக இன்னொரு குழாயும் போடப்பட்டிருந்தது. வடிகாலுக்குத் தோண்ட வேண்டிய ஆழம், அடியில் போடும் கான்கிரீட்டையும் சேர்த்து, 1.5 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளக் காரணமே இல்லை.

பணி தொடங்குமுன் நகராட்சி எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. வார்டு எண்ணும் சாலையின் பெயரும் அதில் இருந்தன. எந்தத் தேதியில் எந்த இடத்தில் தோண்டுவார்கள் என்பது இல்லை. நாங்களும் கேபிள் வழித்தட வரைபடத்தை இணைத்துப் பதில் அனுப்பினோம். அந்த வரைபடம் நகராட்சி உதவிப் பொறியாளரின் கோப்பில் பத்திரமாக இருந்தது. ஒப்பந்ததாரரின் கண்காணிப்பாளர் அதைப் பார்த்திருக்கவில்லை. மண் வேலையை மட்டும் எடுத்திருந்த துணை ஒப்பந்ததாரருக்கு அப்படி ஒரு வரைபடம் இருப்பதே தெரியாது. பொக்லைன் ஓட்டுநர் பக்கத்து மாவட்டத்துக்காரர். முதல் நாள் இரவுதான் இயந்திரத்தோடு வந்து இறங்கியிருந்தார்.

அன்று கண்டவை

காலை 10.20 மணிக்கு இரு முனைகளிலும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. 24 இழைகளும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. ஒன்றிரண்டு இழைகள் மட்டும் போனால் எலிக்கடி, இணைப்புப் பெட்டிக்குள் நீர், வளைவு என்று பல காரணங்களை யோசிக்கலாம். மொத்தமாகப் போனால் யோசிக்க எதுவும் இல்லை, யாரோ தோண்டியிருக்கிறார்கள்.

இந்தத் தடத்துக்கு வளைய அமைப்பு இருந்தது. ஒரு பக்கம் அறுந்தால் போக்குவரத்து மறுபக்கமாகச் சுற்றிவர வேண்டும். ஆனால் ஊருக்குள் நுழையும் பகுதியில் வளையத்தின் இரு கைகளும் ஒரே பள்ளத்தில், ஒரே குழாய்க்குள் இருந்தன. தொடக்கத்தில் செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது; 'பிறகு பிரித்துக்கொள்ளலாம்' என்ற குறிப்போடு அப்படியே நின்றுவிட்டது. வரைபடத்தில் அழகான வட்டமாகத் தெரிந்த வளையம், நிலத்தில் ஒரே வாளி வீச்சில் அறுந்தது.

பெரும்பாலான நாள்களில் முறிவைக் கண்டுபிடிக்கக் கருவியே தேவைப்படாது. வண்டியில் தடத்தோடு போய்ப் புதிதாகக் கிளறிய மண்ணைத் தேடினால் போதும். அன்று அப்படி அமையவில்லை. வடிகால் பள்ளம் ஏறத்தாழ 300 மீட்டருக்குத் திறந்து கிடந்தது. எங்கும் கேபிள் தெரியவில்லை. பொக்லைன் இயந்திரம் சாலையின் மறுகோடியில் சாவகாசமாக மண் அள்ளிக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் 'இங்கே எந்த வயரும் வரவில்லை' என்றார்கள்.

எனவே ஓ.டி.டி.ஆர். கருவியை வைத்தோம். இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவைச் சொல்லும் கருவி அது. முறிவு 7.43 கி.மீ.யில் என்று காட்டியது. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கருவி சொல்வது கண்ணாடி இழையின் நீளம். சாலையின் நீளம் வேறு. தடத்தில் ஆங்காங்கே உள்ள நிலத்தடித் தொட்டியான ஒவ்வொரு சேம்பரிலும் பிற்காலப் பழுதுக்காகக் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். தொடக்கத்திலிருந்து அளந்தால் இந்தச் சுருள்கள் எல்லாம் கூடி, நூறு இருநூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே, கருவியின் திரையில் தெரிந்த கடைசி இணைப்புப் புள்ளியைப் பிடித்தோம். அது 7.02 கி.மீ.; எந்தச் சேம்பர் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கிருந்து 410 மீட்டர். இடையில் இரண்டு சேம்பர்கள், சுருளுக்கு 15 மீட்டர் வீதம் கழித்தால் 380 மீட்டர். நாடாவைப் பிடித்து அளந்துபோன இடத்தில், வடிகால் பள்ளத்தின் பக்கச் சுவர் மட்டும் கொஞ்சம் ஈரமாகவும் சமமாகவும் இருந்தது. மண்வெட்டியால் தட்டியதும் குழாயின் கிழிந்த முனை தெரிந்தது. அறுத்தது தெரிந்தே மண் போட்டு மூடியிருந்தார்கள். மணி 12.40.

பழுதுநீக்கத்தில் எடுத்த முடிவுகள்

குழு உடனே முனைகளைச் சீவி இணைக்கத் தயாரானது. மறுமுனையிலிருந்தும் அளந்துவிட்டுத் தொடங்குவோம் என்று நிறுத்திவைத்தோம். கடைகளிலிருந்து ஆள்கள் வந்து கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இது எளிதான முடிவாக இல்லை. காரணம் இதுதான்: கத்தியால் வெட்டியதுபோல் வாளி கேபிளை வெட்டாது, பல்லில் மாட்டி இழுக்கும். வெட்டுப்பட்ட இடத்தைவிட்டுப் பல மீட்டர் தள்ளியும் கேபிள் சேதப்பட்டிருக்கலாம்.

மறுமுனையின் அளவு 8.71 கி.மீ. வந்தது. இரண்டையும் கூட்டினால் 16.14. ஆவணப்படி மொத்த நீளம் 16.20. நடுவே 60 மீட்டர் காணவில்லை. அடுத்த சேம்பரைத் திறந்து பார்த்தபோது, கேபிள் உள்ளே நுழையும் வளைவில் இரண்டாவதாக ஒரு முறிவு இருந்தது. முதல் முறிவை மட்டும் இணைத்திருந்தால் இரண்டு மணி நேர உழைப்புக்குப் பிறகும் இழைகள் உயிர்பெற்றிருக்காது.

இழுபட்ட பகுதியை முழுவதும் கைவிட்டு, புதிய கேபிள் துண்டு ஒன்றைச் செருகுவது என்று முடிவானது. துண்டு செருகினால் ஓர் இழைக்கு இரண்டு இணைப்புகள். 24 இழைக்கு 48. அத்தனையும் முடிய இரவாகிவிடும். மாலையில் மழைக்கு வாய்ப்பிருந்தது. ஆகவே, துண்டை முதலில் தரைமேல் போட்டு, போக்குவரத்து ஓடும் எட்டு இழைகளை மட்டும் இணைத்தோம். மருத்துவமனைக்கும் கோபுரங்களுக்கும் போகும் இழைகள் அவற்றுள் முதலில். 4.45 மணிக்கு அவை உயிர்பெற்றன. மற்றவை இரவு 9.30-க்குள் முடிந்தன. குழாய்க்குள் இழுத்துப் புதைக்கும் வேலையை மறுநாளுக்கு விட்டு, அந்த இரவு முழுக்க ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தினோம்.

புகாரா, பேச்சா

காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் தரப்பில் பலருடைய கருத்தாக இருந்தது. சட்டம் அதற்கு இடம் தருகிறது. அப்போது நடப்பில் இருந்த, 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட தந்தி உட்கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகளின்படி, இத்தகைய இடங்களில் தோண்டுபவர் பொது இணையதளம் வழியாக முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் ஈடு தர வேண்டும். அதற்கென்றே 'கால் பிஃபோர் யு டிக்' (தோண்டுமுன் அழையுங்கள்) என்ற செயலி 2023 மார்ச் 22 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கேபிள் அறுப்புகள், அதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அப்போது மத்திய அரசு சொன்னது. எங்கள் நிகழ்வில் அந்தச் செயலியில் யாரும் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டினார். அவர் ஒப்பந்ததாரரைக் காட்டினார்.

ஆனாலும் புகார் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இது கருணையால் எடுத்த முடிவன்று. வழக்குக்குப் பயந்த ஓட்டுநர் அடுத்த முறையும் மண்ணைப் போட்டு மூடுவார். அறுந்ததைவிட மூடியதுதான் எங்களுக்குக் கூடுதல் நேரத்தைத் தின்கிறது. அறுத்த கையோடு ஒரு போன் வந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் மிச்சம். ஆகவே, பழுதுச் செலவின் மதிப்பீட்டை ஒப்பந்ததாரருக்கு நகராட்சி மூலம் எழுத்தில் அனுப்பிவிட்டு, ஓட்டுநரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினோம். வழக்கு இல்லை என்று உறுதி சொன்ன பிறகு அவர் சொன்னதுதான் இந்த ஆய்வுக்கே காரணம்.

"கல்லைப் பார்த்தேன் சார். அதனால்தான் அதைவிட்டு ரெண்டு மீட்டர் தள்ளித் தோண்டினேன். கேபிள் கல்லுக்குக் கீழேதானே இருக்கும்?"

ஏன் அறுந்தது

ஓட்டுநர் சொன்னதைச் சரிபார்க்கத் தடம் முழுவதையும் நடந்து பார்த்தோம். வழித்தடக் கற்கள் சாலையோரத்தில் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றன. கேபிள் பதித்த எவருக்கும் அந்த நேர்த்தியே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். ஊருக்குள் எந்தக் கேபிளும் அவ்வளவு நேராகப் போவதில்லை.

நடந்தது இது. சில ஆண்டுகளுக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது, மண் நிரவுவதற்காகக் கற்களைப் பிடுங்கியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும், நல்லெண்ணத்தோடுதான், புதிய சாலை விளிம்பை ஒட்டி வரிசையாக நட்டுவிட்டார்கள். அவை கேபிளிலிருந்து இரண்டு மீட்டர்வரை விலகிவிட்டன. ஒரு கல் டீக்கடை வாசலில் வாளி வைக்கும் மேடையாகக் கிடந்தது. அது ஒன்றுதான் யாரையும் ஏமாற்றவில்லை.

அறுந்த இடத்தில் முன்பு ஒரு புளியமரம் நின்றிருக்கிறது. கேபிள் பதித்தவர்கள் வேரைத் தவிர்த்து வளைத்துப் போயிருந்தார்கள். சாலை விரிவாக்கத்தில் மரம் போய்விட்டது. வளைவு மட்டும் மண்ணுக்குள் மிஞ்சியது. வடிகாலின் கோடு சரியாக அந்த வளைவின் வயிற்றை வெட்டிக்கொண்டு போனது.

எங்கள் வரைபடமும் உதவியிருக்காது என்பதைச் சொல்ல வேண்டும். அதில் எல்லா அளவுகளும் சாலையின் மையக் கோட்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அகலப்படுத்தியது ஒரு பக்கம் மட்டும் என்பதால் மையக் கோடே நகர்ந்துவிட்டது. ஆழத்தின் கதையும் அப்படித்தான். நீர் வடிவதற்காகச் சாலையோர மண்ணைச் சுமார் 40 செ.மீ. தாழ்த்தியிருந்தார்கள். 1.65 மீட்டரில் இருந்ததாக எல்லோரும் நம்பிய கேபிள், அன்றைய தரையிலிருந்து 1.2 மீட்டர் சொச்சத்தில் இருந்தது. யாரும் கேபிளைத் தொடவில்லை. அதைச் சுற்றியிருந்த ஊர்தான் இடம் மாறியிருந்தது.

கல் இல்லாத இடத்தில் ஓட்டுநர்கள் பொதுவாகப் பயந்து பயந்துதான் தோண்டுகிறார்கள். இங்கே கல் இருந்தது. அது தந்த தைரியத்தில் வாளி முழு வேகத்தில் இறங்கியது.

மீதத் தொலைவுக்குச் செய்தவை

இன்னும் சுமார் 900 மீட்டர் தோண்ட வேண்டியிருந்தது. உதவிப் பொறியாளரிடம் பேசி வேலையை மூன்று நாள் நிறுத்தக் கேட்டோம். மழையைக் காட்டி ஒரு நாள்தான் தந்தார். அந்த ஒரு நாளில் கேபிள் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலோகம் தேடும் கருவி இதற்குப் பயன்படாது. இந்தக் கேபிளில் உலோகமே கிடையாது, குழாயும் பிளாஸ்டிக். பதித்த காலத்தில் கூடவே ஒரு செப்புக் கம்பியைப் போட்டிருந்தால் அதில் மின்சைகை செலுத்தி மேலிருந்தே தடத்தைப் படித்திருக்கலாம். அது இல்லாததால், பக்கத்தில் இருந்த காலிக் குழாய்க்குள் உள்ளே செப்பு இழை வைத்த நீளமான தள்ளுகம்பியைச் செலுத்தி அதைப் பின்தொடர்ந்தோம். பாதித் தொலைவுவரை நன்றாகப் போனது. பிறகு குழாயில் சேறு அடைத்திருந்தது. மீதிக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். பத்து மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி, தடத்துக்குக் குறுக்காக. கடப்பாரையை மேல்மண்ணோடு நிறுத்திவிட வேண்டும் என்றும், அரை மீட்டருக்குக் கீழே மண்வெட்டி மட்டும் என்றும் சொல்லியிருந்தோம். கடப்பாரை முனை ஒரு பொக்லைனுக்குக் குறைந்ததில்லை.

கண்ட இடத்தையெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, இருபுறமும் ஒரு மீட்டருக்குள் கைவேலை மட்டும் என்று முடிவானது. சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காது என்பதால் மூங்கில் குச்சியில் துணிக் கொடியும் நட்டோம்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. பொக்லைனுக்கு வாடகை மணிக்கணக்கில். மீட்டர் ஓடினால்தான் காசு. ஆள் வைத்துக் கையால் தோண்டும் நேரமெல்லாம் இயந்திரம் சும்மா நிற்கும். துணை ஒப்பந்ததாரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அவர் கணக்கில் இது நஷ்டம் என்பது தெளிவாகத் தெரிந்தது. தலையாட்டலை நம்பி வீட்டுக்குப் போனால் மறுநாள் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கைவேலைக்கான கூலியை எங்கள் பராமரிப்புச் செலவில் தருவதாக ஒப்புக்கொண்டோம். எங்கள் கணக்குப் பிரிவு இதை எதிர்த்தது: 'அவர்கள் வேலைக்கு நாம் ஏன் கூலி தர வேண்டும்?' நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கூலி மொத்தமும் முந்தைய பழுதுச் செலவில் ஒரு சிறு பகுதிகூட இல்லை. அதைக் காட்டிய பிறகு ஒப்புதல் கிடைத்தது.

கடைத்தெருப் பகுதியில் கிட்டத்தட்ட 140 மீட்டருக்கு வடிகாலும் கேபிளும் ஒரே கோட்டில் வந்தன. மற்ற இடங்களில் வடிகாலை 60 செ.மீ. நகர்த்தப் பொறியாளர் சம்மதித்தார். இங்கே ஒருபுறம் கடைச் சுவர், மறுபுறம் தார்ச்சாலை. கேபிளைப் புதிய தடத்துக்கு மாற்றுவது சரியான தீர்வு. அதற்கு அனுமதி வாங்குவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். ஆகவே, குழாயைக் கையால் தோண்டி வெளிக்கொணர்ந்து, குறுக்கே போட்ட கம்புகளில் கயிற்றால் தொங்கவிட்டு, வடிகால் சுவர் எழும்பும்வரை காத்திருந்தோம். பிறகு சுவரை ஒட்டிச் சாலைப் பக்கமாகப் படுக்கவைத்து, மேலே அரைவட்டக் கான்கிரீட் மூடிகளைக் கவிழ்த்தோம். கான்கிரீட்டையே ஊற்றி மூடிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். அது இன்னும் உறுதிதான். ஆனால் நாளைக்குப் பழுது வந்தால் நாங்களே அதை உடைக்க வேண்டும். உடைக்கும்போது எது அறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எல்லாவற்றையும்விட உதவியது ஓர் ஆள். ரோந்துப் பணியாளர் ஒருவரை, இயந்திரம் கிளம்பும் காலை ஆறு மணியிலிருந்து அது அணையும்வரை அருகிலேயே நிற்கச் சொன்னோம். அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: அன்று வாளியின் பிடியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம், வேலை தொடங்குமுன், கேபிள் எங்கே என்று இடத்தைக் காட்டுவது. ஓட்டுநர் இரண்டு முறை மாறினார். மாறிய ஒவ்வொரு முறையும் புதியவருக்கு எதுவும் தெரியாது. கடிதமோ வரைபடமோ அந்த இருக்கைவரை போவதே இல்லை.

பின்னர் நடந்தவை

வடிகால் முடியும்வரை அந்தத் தொலைவில் வேறு அறுப்பு நேரவில்லை. ஒருநாள் விடியற்காலையில் புதிய ஓட்டுநர் போன் செய்தார்: "அண்ணே, மஞ்சள் பட்டை ஒன்று தெரிகிறது, நிறுத்திவிட்டேன்." கேபிளுக்கு மேலே எச்சரிக்கைக்காகப் போட்ட பிளாஸ்டிக் பட்டை அது. எங்கள் சோதனைக் குழிகள் இரண்டுக்கு நடுவே தடம் மேலும் ஒருமுறை வளைந்திருந்தது. பத்து மீட்டர் இடைவெளி போதாது என்று அப்போது தெரிந்தது. பழைய மரங்கள், கிணறுகள் இருந்ததாக ஊர்க்காரர்கள் சொன்ன இடங்களில் மூன்று மீட்டருக்கு ஒன்றாகக் குழிகளை நெருக்கினோம்.

வடிகால் முடிந்து சில வாரங்களில், சிறுபாலம் ஒன்றின் அருகே ஒரு வீட்டுக்காரர் குடிநீர் இணைப்புக்காகக் கடப்பாரையால் குத்தியதில் குழாய் ஓட்டையாகி, ஆறு இழைகள் சேதமாயின. பாலத்தைத் தாண்டும் இடத்தில் கேபிள் அரை மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. இரும்புக் குழாய்ப் பாதுகாப்பும் ஒரு முழம் முன்னதாகவே முடிந்திருந்தது. பொக்லைனை நினைத்துச் செய்த ஏற்பாடுகள் எதுவும் அந்த வீட்டுக்காரரை எட்டவில்லை. எட்டியிருக்கவும் வழியில்லை. அவர் உடனே எங்களுக்குப் போன் செய்தார் என்பது ஒரு வித்தியாசம். பக்கத்துச் சுவரில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத்தான்.

ஈட்டுத்தொகை இழுத்துக்கொண்டே போனது. ஒப்பந்ததாரரின் இறுதிப் பட்டியலில் கழித்துக்கொள்வதாக நகராட்சி சொல்லி, மதிப்பீட்டில் பாதிக்கும் சற்றுக் குறைவாகக் கழித்தது. வழக்காடிப் பெறுவதற்கு ஆகும் காலத்தை எண்ணி அதை ஏற்றுக்கொண்டோம்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

அந்த ஊரில் எல்லா வழித்தடக் கற்களையும் பிடுங்கிவிட்டு, சோதித்துப் பார்த்த இடங்களில் மட்டும் திரும்ப நட்டோம். கல்லின் முகத்தில் ஓர் அம்புக்குறியும், கேபிள் எத்தனை மீட்டர் எந்தப் பக்கம் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. நகரக்கூடிய கல் இடத்தைச் சொல்லக் கூடாது, திசையைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு மூத்த பணியாளர் சொன்னார். கல்லே நகர்ந்தால் அம்பும் பொய் சொல்லும் என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். இரண்டும் உண்மை. அதனால் கல்லின் இடமும் வரைபடத்தில் பதிவாகிறது.

வரைபட அளவுகள் இப்போது சாலை மையத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. கட்டட மூலைகள், பாலக் கைப்பிடிச் சுவர்கள் ஆகியவற்றிலிருந்து நாடாவால் அளக்கிறோம். செல்போனில் எடுக்கும் இருப்பிடப் புள்ளியைக் கூடவே சேர்க்கிறோம். ஆனால் அது பல மீட்டர் பிசகக்கூடியது என்பதால் அதை மட்டும் வைத்து யாரும் தோண்டக் கூடாது என்று குறிப்பு உண்டு. மின்கம்பத்தை அளவுப் புள்ளியாகக் கொள்வதைத் தவிர்க்கிறோம். சாலை அகலமாகும்போது முதலில் நகர்வது அதுதான்.

புதிதாகப் பதிக்கும் எல்லாத் தடங்களிலும் குழாயோடு செப்புக் கம்பி ஒன்று போகிறது. வளையத்தின் இரு கைகளை அந்த ஊரில் பிரிக்கும் பணிக்கு மதிப்பீடு தயாராகி, நெடுஞ்சாலைத்துறை அனுமதிக்காக நிற்கிறது.

செயலியில் எங்கள் தடங்களைப் பதிவேற்றிவிட்டோம். ஆனால் அங்கே அறிவிப்புக் கொடுக்க வேண்டியவர் யார் என்பது டெண்டரில் எழுதப்படாதவரை அந்தப் பதிவு ஒருபக்கக் கதவாகவே இருக்கும். மண் வேலை உள்குத்தகைக்குப் போனாலும் அறிவிப்புப் பொறுப்பு முதன்மை ஒப்பந்ததாரருக்கே என்ற ஒரு நிபந்தனையையும், கைவேலைச் சோதனைக் குழிக்கு விலைப்பட்டியலில் தனி வரியையும் சேர்க்கும்படி நகராட்சிக்கு எழுதினோம். இரண்டாவது கோரிக்கையில்தான் எங்களுக்கு அக்கறை அதிகம்; பணம் ஒதுக்கப்படாத எச்சரிக்கையை மீட்டர் ஓடும் இயந்திரம் மதிக்காது. அதே ஊரின் மேற்கு வார்டுகளில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வரவிருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் போகும் வேலை. அந்த டெண்டரில் இரண்டையும் சேர்ப்பதாக உதவிப் பொறியாளர் சொல்லியிருக்கிறார். டெண்டர் இன்னும் வெளிவரவில்லை. மேற்கு வார்டுகளில் சோதனைக் குழிகளை இப்போதே தோண்டத் தொடங்கியிருக்கிறோம்.